கொட்டிலடிக் குழியும் மச்சாளின் கிணறும்

கல்யாணமாகி வட்டுக்கோட்டைப் பக்கம் வந்த முதற் கிழமையிலேயே அந்த வீட்டில் எனக்குப் பிடிக்காத காரியம் ஒன்று கண்ணில் பட்டது. மாட்டுக் கொட்டில் கழுவுகிற தண்ணீர் வேலிக்கு அடியால் ஒழுங்கைக்கு ஓடிப் போய்விடும். ஐந்து மாடு நின்ற கொட்டில் அது. சாணியை அள்ளி எருக்கும்பியில் போடுவார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் இரவு முழுக்க ஐந்து மாடும் பெய்த சலம் விடிய நாலைந்து குடம் தண்ணீரோடு சேர்ந்து ஊருக்குத் தானமாகப் போகும். ஒழுங்கைக் கரையில் யாரும் நடாத கீரை கருகருவென்று நிற்கும். எங்கள் வளவுக்குள் நட்ட கத்தரி மஞ்சள் பூத்து நிற்கும்.

நான் உடுவிலில் விடுதியில் தங்கிப் படித்தவள். அங்கே பிள்ளைகள் குளிக்கிற தண்ணீர், கோப்பை கழுவுகிற தண்ணீர் எல்லாம் வாய்க்காலால் வாழைக்குப் போகும். வாழைக்குலையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அதைக் கண்டு வளர்ந்தவளுக்கு ஒழுங்கைக் கீரையைப் பார்த்தால் எரிச்சல் வராதா? கொட்டிலடியில் ஒரு குழி வெட்டி அந்தத் தண்ணீரைப் பிடிப்போம் என்று என் புருஷனிடம் சொன்னேன். இவர் நல்ல மனுஷன், புகையிலைத் தோட்டக்காரர், புகையிலையைத் தவிர வேறு பயிரைப் பயிர் என்றே எண்ணாதவர்.

"இஞ்சாரும், உமக்கு வேறை வேலையில்லையே? மாட்டு மூத்திரத்துக்குக் கணக்குப் பார்க்கிறீர்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு இரண்டாவது உலக யுத்தம் வந்தது. சாக்கில் வந்த சீமை உரம் நின்றுவிட்டது. வன்னியிலிருந்து பசளைக்குக் குழை ஏற்றி வருகிற வண்டிகளும் குறைந்து போயின. அரிசி கூப்பனுக்குத்தான் என்று ஆனதும் தோட்டத்தில் பாதியில் மரவள்ளியும் குரக்கனும் போடவேண்டி வந்தது. அப்போதுதான் இவர் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "அண்டைக்கு ஏதோ குழி எண்டு சொன்னீர், அது என்ன குழி?" என்று கேட்டார். ஏழு வருஷம் கழித்துக் கேட்ட கேள்வி. கேட்டாரே என்று சந்தோஷப்பட்டேன்.

கொட்டில் நிலத்துக்குத் தட்டைக் கல் பரவி, ஒரு பக்கம் சரிவாக்கி, அந்தச் சரிவின் கீழே ஒரு சிறு வாய்க்கால் கட்டினோம். வாய்க்காலின் முடிவில், வேலியோரமாகக் குழி. இவரும் கூலிக்கு வந்த ஓர் ஆளும் இரண்டு நாள் வெட்டினார்கள். மூன்று முழம் போகக் கல் வந்தது. அலவாங்கால் இடிக்கக் கல் வெடித்தது. வெடிப்புக்குள் செம்மண்ணைத் திணித்து மிதித்துவிட்டு, "கல்லுத் தரை, தண்ணி எங்கை போறது?" என்றார் இவர். நானும் ஓம் என்றேன்.

எங்கள் ஊரில் ஒருவரும் குளத்தையோ ஆற்றையோ நம்பிப் பயிர் செய்தவர்கள் அல்ல. கிணறுதான். கிணறு வெட்டுகிறவர்கள் கல்லை உடைத்து, வெடிப்பைக் கண்டால்தான் முகம் மலர்வார்கள், ஏனென்றால் ஊற்று அந்த வெடிப்பால்தான் வரும். இவர் தன் கையாலேயே இரண்டு கிணறு வெட்டியவர். தண்ணீர் வருகிற வெடிப்பால் தண்ணீர் போகவும் செய்யும் என்று அந்த இரண்டு நாளில் அவருக்கும் தோன்றவில்லை, விடுதியில் படித்த எனக்கும் தோன்றவில்லை.

கொட்டில் கழுவ ஒரு பெண் வருவாள். எங்கள் ஊர் வழக்கப்படி கிணற்றுக் கட்டில் கால் வைக்கக்கூடாது என்று விதிக்கப்பட்ட குடியில் பிறந்தவள். அவளுடைய புருஷன் கூலி வேலைக்கு வன்னிப்பக்கம் போயிருந்தான். இரண்டு சின்னப் பிள்ளைகளோடு பக்கத்து வளவுக்காரரின் பனங்காணியில் ஒரு குடிசையில் இருந்தாள். நான் எங்கள் கிணற்றில் அள்ளி மாட்டுத் தொட்டியை நிரப்பிவிடுவேன், அவள் தொட்டியில் இருந்து அள்ளிக் கொட்டிலைக் கழுவுவாள். தொட்டியை அவள் தொடலாம், மாடு வாய் வைக்கிற தொட்டிதானே. அன்று அது எனக்குப் பெரிய நியாயமாகத் தெரிந்தது.

எங்கள் கிணறு சவர்த் தண்ணீர். குளிக்கவும் தோட்டத்துக்கும்தான் ஆகும். குடிக்கிற தண்ணீர் பக்கத்து வளவு மச்சாளின் கிணற்றில். இவருக்குப் பெரியமாமன் மகள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். வேலியில் ஒரு பொட்டு வைத்திருந்தோம். காலையும் மாலையும் அதற்குள்ளால் குனிந்து போய் இரண்டு குடம் அள்ளி வருவேன். அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் சீனி குறைவாகப் போதும் என்று ஊரே சொல்லும். கொட்டில் கழுவுகிற பெண்ணும் அங்கேதான் வருவாள். கிணற்றுக்கு எட்டத் தள்ளிக் குடத்தை வைத்துவிட்டு, அள்ளுகிறவர்கள் யாராவது இரங்கி ஊற்றும் வரைக்கும் நிற்பாள். சில நாளில் ஒரு மணித்தியாலம் நிற்பாள்.

குழியைப் பற்றி நான் நினைத்த அளவுக்கு நடக்கவில்லை. முதலில் ஆசைப்பட்டு அப்படியே அள்ளிக் கத்தரிக்கு ஊற்றினேன். மூன்றாம் நாள் இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டுபோனது. பிறகு ஒரு வாளிக்கு ஐந்து வாளி தண்ணீர் கலந்து, அடியில் படாமல் சுற்றிவர ஊற்றப் பழகினேன். கத்தரி எழும்பி வந்தது, இவர்கூட ஒருநாள் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஆனால் குழி மட்டும் நிரம்பவே இல்லை. எவ்வளவு போனாலும் முழங்கால் ஆழத்துக்கு மேலே ஏறவில்லை. நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கொட்டில் கழுவுகிறவளைப் பிடித்து ஏசினேன்.

"நாலு குடம் ஊத்தச் சொன்னால் இரண்டு குடம் ஊத்திப்போட்டுப் போறாய் என்ன?"

"இல்லை நாச்சியார், தொட்டி காயக் காயத்தானே ஊத்துறன்" என்றாள்.

அவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். தொட்டி காலியானதை என் கண்ணால் கண்டும் அப்படித்தான் நினைத்தேன்.

குழி வெட்டி இரண்டு மாதம் இருக்கும். ஒருநாள் காலை மச்சாள் வேலிப் பொட்டடியில் நின்று கூப்பிட்டாள். தண்ணீர் மணக்கிறது என்றாள். நான் போய் ஒரு கை அள்ளிப் பார்த்தேன். மணம்தான். நிறமும் பழந்தேத்தண்ணி மாதிரி இலேசாக மாறியிருந்தது. எலி விழுந்ததோ, தவளை செத்ததோ என்று பாதாளக்கரண்டி விட்டுத் துழாவினார்கள். ஒன்றும் இல்லை. மத்தியானத்துக்குள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். முதல்நாள் உச்சி வெயிலில், எல்லாரும் படுத்திருந்த நேரம், கொட்டில் கழுவுகிறவள் கிணற்றடியில் தனியே நின்றதை மச்சாளின் மகள் கண்டதாம். தானே அள்ளியிருக்கிறாள், அவள் தொட்ட கிணறு பழுதாகாமல் என்ன செய்யும்?

அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் குடத்தோடை நிண்டனான். ஒருத்தரும் வரேல்லை. திரும்பிப் போனனான்" என்றாள். அழவில்லை. அழாதது அவளுக்கு எதிரான இன்னொரு சாட்சியாகப் போயிற்று.

இரண்டு பேர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, விடிய முதல் பொழுதுபட வரை கிணற்றை இறைத்தார்கள். அடுத்த நாள் ஐயர் வந்தார். சுத்தி செய்வதற்குப் பஞ்சகவ்வியம் வேண்டும். பால், தயிர், நெய் அவர்களிடம் இருந்தது. சாணியும் கோசலமும் வேண்டும் என்று மச்சாள் என்னிடம் ஆள் அனுப்பினாள், எங்கள் சிவலைப் பசு நல்ல இலட்சணமான பசு என்று. நான் விடியவே எழுந்து, குளித்து, பித்தளைச் செம்பில் கோசலம் ஏந்திக்கொண்டு போய் வேலிப் பொட்டால் கொடுத்தேன். ஐயர் மந்திரம் சொல்லி அதைக் கிணற்றுக்குள் தெளித்தார். நானும் கை கூப்பிக்கொண்டு நின்றேன்.

ஆறு நாள் தண்ணீர் பளிங்காக இருந்தது. ஏழாம் நாள் மறுபடி மணம்.

இந்த முறை மச்சாள் வீட்டில் சத்தம் பெரிதாயிற்று. அவளுடைய புருஷன் கொஞ்சம் முற்கோபி. தன் காணியில் குடியிருந்துகொண்டு தன் கிணற்றையே இரண்டாந்தரம் பழுதாக்கினவளை இனி வைத்திருக்க முடியாது என்று முற்றத்தில் நின்று சொன்னார். "வாற வெள்ளிக்கு முதல் குடிசையைப் பிரிச்சுக்கொண்டு போகச் சொல்லு. இல்லாட்டில் நான் பிரிப்பன்." அன்று ஞாயிற்றுக்கிழமை. புருஷன் ஊரில் இல்லாத பொம்பிளை, இரண்டு பிள்ளை, மாரி தொடங்குகிற காலம். எங்கே போவாள் என்று அந்த முற்றத்தில் நின்ற யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் குழியடிக்குப் போனேன். மணத்தை எங்கேயோ அறிந்த மாதிரி இருந்தது, அதுதான் என்னைக் கொண்டுபோனது. ஒரு பூவரசந்தடியை வெட்டிக் குழிக்குள் விட்டு, நனைந்த இடத்தில் கத்தியால் ஒரு கீறு போட்டேன். அன்று வாளி இறக்கவில்லை, ஒருவரையும் இறக்க விடவும் இல்லை. விடிய, கொட்டில் கழுவ முதல் போய் மறுபடி தடியை விட்டேன். தண்ணீர் கீறுக்கு ஒரு சாண் கீழே நின்றது. ஒரே இரவில் ஒரு சாண். நிமிர்ந்து பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், இருபது அடி தள்ளி, மச்சாளின் கிணற்றுத் துலா தெரிந்தது.

இவரிடம் சொன்னேன். இவர் எழும்பிப் போய்க் குழியை ஒருதரம் பார்த்துவிட்டு வந்தார்.

"உதை வெளியிலை கதைக்க வேண்டாம். குழியைத் தூர்த்துவிடுவம். கிணறு தன்பாட்டிலை தெளியும்."

"வெள்ளிக்கிழமை அவளைக் குடிசையாலை எழுப்பப் போகினம்."

"அது அவையின்ரை காணி. நாங்கள் என்ன செய்யிறது?"

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று சொல்வார்கள். நான் சொல்லக் கேட்டிருக்கிறேனே தவிர, பாவத்தின் பக்கத்தில் இருந்து அதைப் பார்த்ததில்லை. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. அந்த இரண்டு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. மச்சாளோடு பகை வந்தால் குடிக்கத் தண்ணீர் இல்லை என்பது ஒரு பயம். ஏழு வருஷம் நான் ஆசையாகக் காத்திருந்து வெட்டுவித்த குழி என்பது அதைவிடப் பெரிய வெட்கம். இடையில் அவள் வழமைபோல வந்து கொட்டிலைக் கழுவிவிட்டுப் போனாள். குனிந்த தலை நிமிரவில்லை.

புதன் காலை வேலிப் பொட்டால் போனேன். மச்சாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"உனக்கென்ன விசரே? மாட்டுச் சலத்தாலை கிணறு பழுதாகுமோ? ஐயர் அதைத் தெளிச்செல்லோ கிணத்தைச் சுத்தமாக்கினவர். அவளுக்கு இரங்கி நீ கதை கட்டுறாய்."

எனக்கு வந்த கோபத்தில் அரிசிச் சட்டியைக் கவிழ்த்திருப்பேன். ஆனால் அந்தச் செம்பை ஏந்திக்கொண்டு வந்தவள் நான்தானே. மந்திரத்தோடு போன ஒரு செம்பு சுத்தம், மந்திரமில்லாமல் போன அறுபது நாள் ஊற்று அசுத்தம் என்று எப்படி விளங்கப்படுத்துவது?

வீட்டுக்கு வந்து அடுப்படியில் இருந்தபோதுதான் ஓலைக்குப் போடுகிற சாயம் கண்ணில் பட்டது. பெட்டி இழைக்கிற ஓலையை அவித்து நிறமேற்றுவதற்கு வாங்கி வைத்த சிவப்புச் சாயம், நாலு பொட்டலம். யுத்த காலத்தில் அது கிடைப்பதே அருமை. நாலையும் பெரிய பானையில் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அன்று பின்னேரமே கொண்டுபோய்க் குழிக்குள் ஊற்றினேன். மேலே பத்து வாளி தண்ணீர் விட்டேன். இவர் கண்டார். பதினோராவது வாளியைத் தானே தூக்கி வந்து ஊற்றினார். அவர்மேல் எனக்கிருந்த கோபம் அத்தோடு போய்விட்டது.

வியாழன் காலை ஒன்றும் இல்லை. தண்ணீர் பழைய மாதிரியே மணத்தோடு இருந்தது. ஒழுங்கையால் போகையில் பார்த்தேன், அவள் குடிசையின் கிடுகை இறக்கத் தொடங்கியிருந்தாள். மூத்த பிள்ளை இறக்கின கிடுகை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தது.

வெள்ளி விடிய மச்சாள் போட்ட கூச்சலில் ஒழுங்கை முழுக்க எழும்பிவிட்டது. வாளிக்குள் தண்ணீர் இளஞ்சிவப்பாக நின்றது. இரத்தம் என்று நினைத்துவிட்டாள். நான் பொட்டால் புகுந்து, சாயம் பிடித்த என் இரண்டு உள்ளங்கையையும் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் முன்னால் நீட்டினேன்.

"இது என்ரை சாயம். முந்தநாள் என்ரை குழிக்குள்ளை ஊத்தினது. உங்கடை கிணத்தைப் பழுதாக்கினது நான்தான், அவளில்லை."

மச்சாளின் புருஷன் வாளியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு எங்கள் வளவுக்குள் வந்து குழியை எட்டிப் பார்த்தார். அவரும் கிணறு வெட்டத் தெரிந்தவர்தான். கல் வெடிப்பை விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. மச்சாள்தான் என்னைப் பிடித்துக்கொண்டாள். என்னவெல்லாம் சொன்னாள் என்று எழுதப் போவதில்லை, சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. வேலிப் பொட்டை அன்றைக்கே முட்கொப்பு வைத்து அடைத்தார்கள். இரண்டு மாதம் கோயில் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தேன். குடிசைக்காரியைப் பற்றி, "சரி, இருக்கட்டும்" என்று ஒரு சொல். அவ்வளவுதான். பிழையாகச் சொல்லிவிட்டோம் என்று ஒருவரும் அவளிடம் போய்ச் சொல்லவில்லை. அவள் இறக்கின கிடுகைத் திரும்ப ஏற்றிக் கட்டினாள்.

குழியைக் கல்லும் மண்ணும் போட்டுத் தூர்த்தோம். வளவின் மற்ற மூலையில், இரண்டு கிணற்றுக்கும் எட்டத் தள்ளிப் பள்ளமான இடத்தில், நிலத்துக்கு மேலே தொட்டியாகக் கட்டினோம். புற்றுமண் பூசி, அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி, பத்து நாள் தண்ணீர் விட்டுப் பார்த்து, ஒரு விரற்கடை குறையவில்லை என்று கண்ட பிறகுதான் வாய்க்காலைத் திருப்பினேன். அது எட்டாம் நாள் நிரம்பி வழிந்தது. அந்த வருஷம் எங்கள் கத்தரியும் மிளகாயும் மரவள்ளியும் மூன்று வீட்டுக்குப் போதும் என்று காய்த்தன. முதற் காயில் ஒரு கடகம் மச்சாளுக்கு அனுப்பினேன். கடகம் திரும்பி வந்தபோது அதற்குள் இரண்டு தேங்காய் இருந்தது. அடுத்த கிழமை பொட்டும் திறந்தது. கிணறும் அதற்கிடையில் தெளிந்துவிட்டது.

புதுத் தொட்டி நிரம்பின நாட்களில் ஒருநாள் காலை. நான் எங்கள் சவர்க் கிணற்றில் அள்ளி மாட்டுத் தொட்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் விளக்குமாற்றோடு வந்து, வழமைபோலக் கட்டுக்கு எட்ட நின்றாள். கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயம் நகக்கண்ணில் இன்னும் போகவில்லை.

"நாச்சியார், ஒண்டு கேக்கட்டோ?"

"கேள்."

"என்ரை கையாலை கிணறு பழுதாகேல்லை எண்டு ஊருக்கே சாயம் விட்டுக் காட்டினியள். அப்ப இனி உந்த வாளியை நானே விட்டு அள்ளட்டோ? உங்களுக்கும் கை நோகுமெல்லோ."

ஏளனமாகக் கேட்கவில்லை. கணக்குப் போட்டு விடை கண்ட பிள்ளை, சரிதானே என்று கேட்பதுபோலக் கேட்டாள். அது எங்கள் கிணறு. மச்சாளின் கிணறு அல்ல. குடிக்கிற தண்ணீர்கூட அல்ல. இவர் தோட்டத்துக்குப் போயிருந்தார்.

"நீ தொட்டியடியிலை நில்லு. நான் அள்ளித் தாறன்" என்றேன்.

"ஓம் நாச்சியார்" என்று சொல்லிவிட்டு அவள் தொட்டியடிக்குப் போனாள். நான் தொட்டி நிரம்பும் வரைக்கும் அள்ளி ஊற்றினேன். அவள் பிறகு அதைப் பற்றி ஒருபோதும் கேட்கவில்லை.

மச்சாள் பார்த்துவிடுவாளோ என்று பயந்துதான் அப்படிச் சொன்னேன் என்று கன காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவளுக்குப் பதில் சொல்ல முதல் நான் வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒருவரும் இருக்கவில்லை.